பிறேக் திடீரெனப் பழுதாவதில்லை

பத்திரிகை அலுவலகத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவனுக்குச் சில வாக்கியங்கள் மனப்பாடமாகிவிடும். அவற்றுள் ஒன்று, "பிறேக் திடீரெனச் செயலிழந்ததால் வாகனம் சாரதியின் கட்டுப்பாட்டை இழந்து..." என்று தொடங்குவது. ஊரின் பெயரும் உயிரிழந்தோர் தொகையும் மாறும்; வாக்கியம் மாறாது. 2023 ஜனவரி 20ஆம் திகதி நானுஓயாவுக்கு அருகே ரதல்ல குறுக்கு வீதியில், பாடசாலை மாணவர்கள் சென்ற பஸ் ஒன்று வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி ஏழு பேர் உயிரிழந்தபோதும் பிறேக் பழுது என்றே செய்திகள் வந்தன. அந்த பஸ்ஸைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது என் நோக்கமன்று. அந்த வாக்கியத்தில் வரும் "திடீரென" என்ற சொல்லைப் பற்றியே சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

நான் வசிக்கும் பேராதனை, இரண்டு மலைப்பாதைகள் சந்திக்கும் இடம். கொழும்புப் பக்கம் போனால் கடுகண்ணாவை இறக்கம். மறுபக்கம் கம்பளை, புசல்லாவ, ரம்பொட வழியாக நுவரெலியா. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பேராதனைத் தாவரவியல் பூங்கா ஏறத்தாழ 460 மீற்றரில். ஆக, அங்கிருந்து வீடு திரும்பும் வாகனம் 1400 மீற்றர் கீழே இறங்குகிறது. சுமையோடு இரண்டு தொன் எடையுள்ள ஒரு கெப் வண்டி அவ்வளவு இறங்கும்போது வெளிப்படும் சக்தி, எண்பது லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அதில் ஒரு பகுதியைக் காற்றும் ரயரும் வாங்கிக்கொள்ளும். தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் பெரும்பகுதியைத் தாங்கும். நியூட்ரலில் விட்டு எரிபொருள் மிச்சம் பிடிக்க நினைப்பவரின் வண்டியிலோ ஏறக்குறைய முழுச்சுமையும் பிறேக்கின் தலையில் விழுகிறது.

என்னிடம் இருப்பது இருபது வயது கடந்த ஜப்பானிய டபிள் கெப். சென்ற ஆண்டு ஒரு நாள், பேராதனைச் சந்தியில் மெதுவாக நிறுத்தும்போது முன்சில்லில் கீச்சென்று மெல்லிய ஓசை எழுந்தது. மறுவாரம் நுவரெலியாவிலிருந்து உறவினர் குடும்பமொன்றைப் பிள்ளைகளோடு அழைத்துவர வேண்டியிருந்தது. ஆகவே அன்று மாலையே கெலிஓயாவில் எனக்குப் பழக்கமான பாஸிடம் கொண்டுபோனேன்.

அந்தக் கீச்சொலி தற்செயலானதன்று. பல பிறேக் பாட்களில் ஒரு சிறு உலோகத் தகட்டைப் பொருத்தியிருப்பார்கள். பாட் தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு வந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கில் உரசிக் குரல் எழுப்பும். அதையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால் கீச்சொலி கரகரப்பாக மாறும். அப்போது இரும்பை இரும்பு தின்கிறது என்று பொருள்.

வேறு அறிகுறிகளும் உண்டு. பிறேக் ஒயில் கிண்ணத்தில் மட்டம் சிறிது சிறிதாக இறங்குவது, பாட் தேய்ந்திருப்பதாலோ எங்கோ கசிவதாலோ இருக்கலாம். மிதிக்கும்போது கால் அதிர்ந்தால் பெரும்பாலும் டிஸ்க் சீராக இல்லை. வண்டி ஒரு பக்கம் இழுத்தால் ஒரு சில்லு மட்டும் அதிகமாகவோ குறைவாகவோ பிடிக்கிறது. நீண்ட இறக்கத்தில் கருகிய வாடை வந்தால் உடனே ஓரங்கட்ட வேண்டும். மிதி பஞ்சுபோல் அமிழ்ந்தால் நிலைமை இன்னும் மோசம். பிறேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டொட் 3 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரம் ஏறிய பின் 140 வரை இறங்கக்கூடும். கொதித்தால் குழாய்க்குள் ஆவி சேரும். மிதிக்கும் அழுத்தம் சில்லுக்குப் போய்ச் சேராது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை மாற்றச் சொல்வது இதனால்தான்.

பாஸ் சில்லைக் கழற்றியதும் எனக்குப் புதிய பாடம் கிடைத்தது. வெளிப்பக்கப் பாட்டில் ஆறு மில்லிமீற்றர் இருந்தது. உட்பக்கத்தில் இரண்டுகூட இல்லை. கலிப்பர் நகர வேண்டிய ஊசி துருப்பிடித்து இறுகியிருந்தது. சில்லின் துவாரம் வழியே எட்டிப் பார்ப்பவருக்கு வெளிப்பாட் மட்டுமே தெரியும். எல்லாம் நலமென்று தோன்றும்.

அவர் வேலை செய்த முறையையும் சொல்லிவிடுகிறேன். வண்டியைச் சமதரையில் நிறுத்திப் பின்சில்லுக்குக் கட்டை வைத்தார். ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கியும் வைத்தார். கலிப்பரை ரப்பர் குழாயில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டினார். ஊசிகளைச் சுத்தம் செய்து அதற்குரிய கிறீஸ் பூசினார். டிஸ்க்கின் தடிப்பை, அதில் பொறித்திருந்த குறைந்தபட்ச அளவோடு ஒப்பிட்டார். பழுது இடப்பக்கம் என்றாலும் வலப்பக்கத்தையும் சேர்த்தே மாற்றினார். பின் டிரம்மைத் திறந்தபோது தூசியை வாயால் ஊதவில்லை, ஈரத்துணியால் துடைத்தார். பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். இறுதியில் வண்டியை அசைக்கும் முன் மிதி இறுகும்வரை பலமுறை மிதித்தார். அதைச் செய்யாமல் புறப்பட்டால் முதல் மிதி வெறுமையாகப் போகும்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை வைத்தார். ஒன்றின் விலை மற்றதில் பாதியும் இல்லை. நான் பாஸைப் பார்த்தேன். அவர் சிங்களத்தில் சொன்னார்: "மாத்தயா, மலிவானதும் நிற்கும். கண்டி டவுனில் நன்றாக நிற்கும். ரம்பொடையில் ஐந்தாவது வளைவிலும் நிற்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை."

இந்த நாட்டின் வாகனங்கள் முதிர்ந்தவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. இடையில் 2022இல் ரூபா சரிந்து உதிரிப்பாகங்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. மரக்கறி ஏற்றிப் பிழைக்கும் ஒருவர் "இன்னும் ஒரு மாதம் ஓடட்டும்" என்று சொல்வது அலட்சியத்தால் மட்டுமன்று. அந்த மாதச் செலவில் பிள்ளையின் பாடசாலைச் செலவும் இருக்கிறது. ஆனால் மலை தவணை தருவதில்லை.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து இதைப் படிக்கும் நண்பர்களுக்கு மலை இல்லாவிட்டாலும் குளிர்கால வீதியில் தூவும் உப்பு உண்டு. என் வண்டியின் ஊசியை மழை இறுக்கியதுபோல உங்கள் வண்டியின் ஊசியை அது இறுக்கும். ஆண்டுக்கு ஒருமுறை சில்லைக் கழற்றி உட்பக்கப் பாட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

மறுவாரம் பிள்ளைகள் பின்னாசனத்தில் உறங்க, இரண்டாம் கியரில் லபுக்கலையைத் தாண்டி இறங்கினேன். பின்னால் வந்த வேன்காரர் பொறுமையிழந்து ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார். அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி அவருக்கு வழி விட்டேன்.