கீழாநெல்லியும் நான் மறைத்த பதிலும்

மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைப்பது என்று முடிவெடுத்தபோது எல்லோரிடமும் நான் சொன்ன காரணம் ஒன்றுதான்: கேள்வி கேட்கிற பிள்ளையை அங்கே பேசாமல் உட்கார வைத்துவிடுகிறார்கள். அதையே நானும் செய்தேன்.

உயிரியலுக்குத் தெருவோரச் செடிகளே போதும் என்று தொடங்கினோம். குப்பைமேனி, நாயுருவி, அம்மான் பச்சரிசி, மூக்கிரட்டை. மழை விட்ட ஒரு காலையில் வரப்போரம் கீழாநெல்லி தழைத்திருந்தது. "இது கூட்டிலை, புளியிலை மாதிரி. எழுதிக்கோ" என்றேன். அதைத் திருப்பிப் பார்த்தவள், "புளியில இப்படி ஒவ்வொரு இலைக்கடியிலயும் காய் இல்லையேப்பா?" என்றாள். "அது வேற குடும்பம், அதனாலதான்" என்றேன். அது காரணமே இல்லை என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

அவள் கேட்டதுதான் சரியான கேள்வி. கூட்டிலையில் மொட்டு, காம்பு தண்டோடு சேருமிடத்தில்தான் இருக்கும். சிற்றிலைகளின் கக்கத்தில் இருக்காது. கீழாநெல்லியிலோ ஒவ்வொன்றின் கக்கத்திலும் பூவோ காயோ தொங்குகிறது. ஆக, ஒவ்வொன்றும் முழு இலை. நான் காம்பு என்று நினைத்தது ஒரு சிறு கிளை. நடுத்தண்டில் இலைகள் வெறும் செதில்களாகச் சுருங்கிவிடுகின்றன. அதே பேரினத்தைச் சேர்ந்த பெருநெல்லி மரமும் இப்படித்தான். கூட்டிலை போலத் தோன்றும் அதன் சிறுகிளைகள் இலையோடு சேர்ந்து அப்படியே உதிரும். எந்தப் புத்தகமும் இல்லாமல், வெறும் கண்ணால் அந்த விடையின் வாசல்வரை வந்திருந்தாள் என் மகள்.

அன்று இரவே படித்துத் தெரிந்துகொண்டேன். மறுநாள் சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. அப்பாவுக்குத் தெரியாது என்று ஆகிவிட்டால் இனி எதைச் சொன்னாலும் நம்பமாட்டாளோ என்று பயந்தேன். வீட்டில் படிக்க வைக்கும் வேலையே வேண்டாம் என்று தடுத்த உறவினர்களின் முகங்களும் நினைவுக்கு வந்தன. அவளுடைய குறிப்பேட்டில் 'கூட்டிலை' அப்படியே கிடந்தது. அதன்பின் செடியைக் கண்டால் "பேர் என்னப்பா?" என்று கேட்டு, எழுதிவிட்டு நகர ஆரம்பித்தாள். அதைக் கண்ட பிறகே வாய் திறந்தேன்.

இப்போதெல்லாம் பெயரைக் கடைசியில்தான் சொல்கிறேன். இலை எதிரெதிராக வருகிறதா மாறி மாறியா, கிள்ளினால் பால் வருகிறதா, மொட்டு எங்கே இருக்கிறது என்று முதலில் அவள் சொல்ல வேண்டும். சொல்கிறாள். ஆனால் சொல்வதற்கு முன் ஒருமுறை என் முகத்தைப் பார்க்கிறாள். அதை நான்தான் பழக்கினேன்.