தலையைச் சாய்த்துப் பார்த்தால்

எழும்பூர் பாந்தியன் சாலையில் நீங்களும் நடந்திருப்பீர்கள். அங்கே இருக்கும் அருங்காட்சியகத்தை எங்கள் வீட்டில் யாரும் மியூசியம் என்று சொன்னதில்லை. மூர் மார்க்கெட் பக்கத்தில் அப்போது இருந்த மிருகக்காட்சி சாலை உயிர் காலேஜ். இது செத்த காலேஜ். கூட்டமெல்லாம் திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்க்க ஓடும். தாத்தாவோ என் கையைப் பிடித்து நேரே சிவப்புக் கல் கட்டடத்துக்குக் கூட்டிப்போவார்.

அது விக்டோரியா நினைவு மண்டபம் என்று 1909இல் திறக்கப்பட்டது. 1951இல் தேசிய கலைக்கூடம் ஆனது. தாத்தாவுக்கு அதெல்லாம் இரண்டாம்பட்சம். "இர்வின் துரை ப்ளான் வரைஞ்சான், நம்ம நம்பெருமாள் செட்டியார் கட்டினார். கல்லு சத்தியவேட்டுக் கல்லு" என்று சொல்லி, சுவரை ஒருமுறை உள்ளங்கையால் தடவிவிட்டுத்தான் படியேறுவார். ஐப்பசி மழையில் நனைந்தால் அந்தக் கல் கருஞ்சிவப்பாகிவிடும். வெயில் வந்ததும் ரோஜா நிறத்துக்குத் திரும்பும்.

வாசலில் வேர்க்கடலைப் பொட்டலம் வாங்கித் தருவார். வெளியே வந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். சட்டைப்பையில் அதன் சூடு ஆறிக்கொண்டே வர, நான் படம் பார்ப்பேன். உள்ளே பழைய மரமும் அந்துருண்டையும் கலந்த வாசனை. மேலே எங்கோ புறாக்களின் குனுகல். பேச்சு தானாகவே கிசுகிசுப்பாகிவிடும்.

ரவி வர்மாவின் பெண்களுக்கு முன்னால் பெரியவர்கள் நிற்பார்கள். பட்டுப் புடவை மடிப்பைத் தொட்டுப் பார்க்கக் கை பரபரக்கும். முகலாய, ராஜஸ்தானிச் சிற்றோவியங்களுக்கு என்னைத் தூக்கிக் காட்டுவார் தாத்தா. எனக்கோ தஞ்சாவூர் ஓவியத்துக் கிருஷ்ணன்தான். கொழுத்த கன்னம், கையில் வெண்ணெய், கழுத்து நிறையக் கண்ணாடிக் கற்கள். மாலையில் ஒரு கல் மட்டும் விழுந்துபோய் அங்கே வெள்ளைக் குழி. காயம் என்று நினைத்து அழுதிருக்கிறேன். "அது சுக்கான் மாவுடா. புளியங்கொட்டைப் பசையில குழைச்சு மேடு கட்டி, அதுமேல தங்க ரேக்கை ஒட்டுவாங்க" என்று தேற்றினார் தாத்தா.

காக்கிச் சட்டைக் காவலாளி ஒருவர் இருந்தார். பெயர் கேட்டுக்கொண்டதில்லை. நாங்கள் வந்தால் முக்காலியை விட்டு எழுந்து வருவார். "நேரா நிக்காதே தம்பி. கொஞ்சம் தள்ளி, தலையைச் சாச்சுப் பாரு." சாய்த்தால் போதும், மங்கிக் கிடந்த தங்கம் சட்டென்று விழித்துக்கொள்ளும். நிமிர்ந்தால் மறுபடி உறங்கிவிடும். எத்தனை தரம் சாய்த்து நிமிர்ந்தாலும் அவர் பொறுமையாக நிற்பார்.

வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை மறந்து ஒருநாள் போய்விட்டோம். மூடிய கதவுக்கு முன்னால் படியில் உட்கார்ந்து கடலை தின்றோம். "நாளைக்குத் திறப்பான்" என்றார் தாத்தா.

2002இல் கட்டடம் பழுதென்று கதவைச் சாத்தினார்கள். படங்கள் வேறு கூடத்துக்குக் குடிபெயர்ந்தன. அதற்குள் தாத்தா இல்லை, காவலாளியும் ஓய்வுபெற்றுப் போயிருந்தார். சாத்திய பிறகு ஒரு சாயங்காலம் போனேன். பையில் கடலைப் பொட்டலம் சூடாக இருந்தது. கல்லைத் தொட எட்டாத தூரத்தில், மரத்தடியில் நின்று, தலையைக் கொஞ்சம் சாய்த்துப் பார்த்தேன். அந்தி வெயிலில் சுவர் ஒரு கணம் விழித்துக்கொண்டது. அவ்வளவுதான். பொட்டலத்தைப் பிரிக்காமலே வீட்டுக்கு வந்தேன்.