சுக்கும் வெல்லமும்

எழுதுவதற்கு எத்தனையோ பெரிய பொருள்கள் இருக்க, ஒரு கிழட்டுக் கினிப்பன்றியைப் பற்றி எழுத வந்துவிட்டானே என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். "உன் சொந்த அனுபவம் ஏதாவது எழுதிக் கொடு" என்றார் மலரின் ஆசிரியர். இந்த ஆண்டு எனக்கு வாய்த்த அனுபவம் இதுதான்.

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தப் பிராணிக்கும் கினி நாட்டுக்கும் சம்பந்தம் இல்லை. பன்றிக்கும் இதற்கும் உறவு இல்லை. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதி மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே பழக்கி வளர்த்த கொறிவிலங்கு இது. தமிழில் சீமைப் பெருச்சாளி என்றும் சொல்வது உண்டு. இத்தனை சாதுவான ஜீவனுக்கு அந்தப் பெயரும் அநியாயந்தான்.

விஞ்ஞான மாணவர்களுக்கு இது நூல்களில் பழகிய பெயர். 1882-இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தாரே, அந்தச் சோதனைகளில் உயிர் கொடுத்தவை இவை. 1907-இல் நார்வே நாட்டு அறிஞர்கள் ஹோல்ஸ்டும் பிரோலிக்கும் இவற்றுக்குத் தானிய உணவு மட்டும் கொடுத்து, மாலுமிகளைக் கொன்ற ஸ்கர்வி நோய் இவற்றுக்கும் வருவதைக் கண்டார்கள். மனிதனைப் போலவே இதன் உடலும் வைட்டமின் சி-யைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது, உணவில்தான் பெறவேண்டும். இவ்வளவும் நான் தேர்வுக்குப் படித்தவை. ஆனால் நூலில் வருவது எப்போதும் "கினிப்பன்றிகள்". ஒரு கினிப்பன்றியை நான் சந்தித்தது டீச்சரம்மாவின் வீட்டில்தான்.

தெற்கு டெல்லியில் அவர் வீட்டு மொட்டைமாடி அறையில் குடியிருக்கிறேன். இந்த ஊரில் அதற்குப் பர்சாத்தி என்று பெயர். டீச்சரம்மா பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். மகள் வேலைக்காக வெளிநாடு போனபோது இரண்டு பெண் கினிப்பன்றிகளைத் தாயிடம் விட்டுச் சென்றாள். சாம்பல் நிறத்தது சுக்கு. பொன்னிறத்தில் நீண்ட மயிருடன் இருந்தது வெல்லம். இரண்டுக்கும் ஆறு வயதுக்குமேல். ஐந்து முதல் எட்டு ஆண்டு வாழும் இனத்தில் அது பாட்டி வயது.

"எனக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, தம்பி. வாரம் ஒரு தரம் எடை போட்டு நோட்டில் எழுதிவிடு. வாடகையில் ஐந்நூறு ரூபாய் குறைத்துக்கொள். நீ விஞ்ஞானம் படிக்கிறவன், தப்பு வராது" என்றார்.

தப்பு வந்தது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நோட்டில் மகள் இரண்டு பத்திகள் போட்டிருந்தாள், ஒவ்வொன்றுக்கும் ஒன்று. கடைசி வரியில் சுக்கு 1,040 கிராம், வெல்லம் 940 கிராம். நான் வந்த பிறகு அது ஒரே பத்தியாயிற்று. ஒன்றைத் தனியே தூக்கினால் இரண்டும் சேர்ந்து வீட்டைக் கிழிக்கும்படி கத்தும். எனக்கோ வகுப்புக்கு நேரமாகும். ஆகவே இரண்டையும் ஒரே கூடையில் வைத்து, கூடையின் எடையைக் கழித்து, மொத்தத்தை எழுதினேன். தொடக்கத்தில் 1,980. பத்து வாரம் கழித்து, நவம்பரில், 1,910. குறைந்தது 70 கிராம், நூற்றுக்கு மூன்றரைதான். "மாற்றம் பெரிதாக இல்லை" என்று பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

மறுநாள் வெல்லம் கொத்தமல்லியை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. தூக்கினேன். அந்த அழகான மயிருக்குள் எலும்புதான் இருந்தது. தனியே எடை போட்டேன்: 720. சுக்கை வைத்தேன்: 1,190. என் வயிற்றில் ஏதோ புரண்டது. பல வாரங்களாக ஒன்று இளைத்துக்கொண்டே வந்திருக்கிறது. அது தின்னாமல் விட்டதை மற்றது தின்று பருத்திருக்கிறது. ஒன்றின் நஷ்டத்தை மற்றதன் லாபம் மறைத்துவிட்டது. மொத்தம் பொய் சொல்லவில்லை. பார்க்கவேண்டியதை நான்தான் பார்க்கவில்லை.

கால்நடை மருத்துவர் வாயைத் திறந்து விளக்குப் பிடித்துக் காட்டினார். இவற்றின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. வெல்லத்தின் கடைவாய்ப் பற்கள் தேயாமல் சரிந்து வளர்ந்து, நாக்கின்மேல் பாலம் போட்டிருந்தன. பசி இருந்தும் மெல்ல முடியவில்லை. பிற மிருகங்களுக்கு இரையாகும் பிராணிகள் நோயை வெளியே காட்டிக்கொள்வதில்லை. பலவீனம் தெரிந்தால் உயிருக்கு ஆபத்து என்பது அவற்றின் இயல்பிலே ஊறியது. "இதற்கு எடை ஒன்றுதான் சாட்சி. ஒரு மாதம் முன்னால் கொண்டுவந்திருந்தால்..." என்று அவர் நிறுத்திக்கொண்டார். மூன்றாம் நாள் விடியற்காலையில் வெல்லம் போய்விட்டது.

டீச்சரம்மா அதை உடனே எடுக்க விடவில்லை. "சுக்கு பார்க்கட்டும்" என்றார். சுக்கு வந்து மோந்தது. காதருகே சிறிது நக்கியது. பிறகு மூலையில் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. சமையலறையில் தழை சலசலத்தாலே "வீக், வீக்" என்று கூவுகிற ஜீவன், அன்று முதல் கூவவில்லை. பிராணிக்குத் துக்கம் உண்டா என்று வகுப்பில் கேட்டால் சட்டென்று பதில் சொல்லிவிட மாட்டேன். ஆனால் அந்தச் சமையலறையின் மௌனத்தை நான் கேட்டேன்.

தின்னாமல் இருப்பது இதற்கு விளையாட்டல்ல. குடலில் நார் இடைவிடாமல் சென்றுகொண்டே இருக்கவேண்டும். ஒரு நாள் பட்டினி கிடந்தாலே குடல் நின்று உயிருக்கு உலை வைத்துவிடும். ஆகவே என் புத்தகங்களைக் கூண்டருகே கொண்டுவந்தேன். மருத்துவர் காட்டிக் கொடுத்தபடி தீவனத்தை நீரில் குழைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, கடைவாய் ஓரமாகத் துளித்துளியாகப் புகட்டினேன். அவசரப்பட்டால் புரை ஏறிவிடும். டெல்லிக் குளிரில் வெந்நீர்ப் பையைத் துணியில் சுற்றி ஒரு பக்கம் வைத்தேன். பாதம் புண்ணாகாமல் இருக்க வைக்கோலை நாள்தோறும் மாற்றினேன். காய்கறி வண்டிக்காரர் காய் வாங்கினால் கொசுறாகக் கொஞ்சம் கொத்தமல்லி கொடுப்பார். அதோடு வைட்டமின் சி-க்காகக் குடைமிளகாயில் ஒரு துண்டு. நோட்டில் இப்போது நாள்தோறும் ஒரு வரி: 1,150... 1,120... 1,105. நான்காம் நாள் 1,110. அந்த ஐந்து கிராமுக்கு நான் பட்ட மகிழ்ச்சியை என் முதல் வகுப்பு மதிப்பெண் தந்ததில்லை.

"கடையிலிருந்து ஒரு குட்டி வாங்கி வந்துவிடட்டுமா?" என்று ஒரு நாள் கேட்டேன். சுவிட்சர்லாந்தில் 2008-ஆம் ஆண்டின் விதிப்படி கினிப்பன்றியைத் தனியே வளர்க்கக் கூடாது என்றும் எடுத்துச் சொன்னேன்.

டீச்சரம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதன் தனிமைக்காகவா, தம்பி, உன் மனசுக்காகவா? குட்டி வாங்குவாய். நாளைக்குச் சுக்கு போகும். பிறகு அந்தக் குட்டி தனி. அதற்கு ஒன்று வாங்குவாயா?"

என்னிடம் பதில் இல்லை. பதிலை மருத்துவரே கொண்டுவந்தார். வேறொரு வீட்டில் இதே போலத் துணையிழந்து ஐந்து வயதுக் கறுப்புக் கினிப்பன்றி ஒன்று இருந்ததாம். அதுவும் பெண். அவர்கள் மனமுவந்து கொடுத்தார்கள். நோய் ஏதும் இல்லை என்று தெரியும்வரை இரண்டு வாரம் அதை என் மாடி அறையில் வைத்திருந்தேன். பிறகு நடுவில் கம்பிவலை வைத்து அருகருகே. வலையை எடுத்த அன்று சுக்கு பல்லை நறநறவென்று கடித்தது; சண்டைக்கு அறிகுறி அது. நான் துண்டும் கையுமாக நின்றேன். பத்து நிமிஷம் ஒன்றையொன்று சுற்றின. பிறகு ஒரே கொத்தமல்லித் தண்டை இரண்டு முனையிலிருந்தும் தின்னத் தொடங்கின. மறுநாள் காலை நான் தழையை உதறியபோது, இரண்டு வாயிலிருந்தும் "வீக்" என்ற கூச்சல் எழுந்தது. டீச்சரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் நறுக்கியதாகச் சொன்னார்.

புதியதற்கு மிளகு என்று பெயர் வைத்தோம். திப்பிலிக்கு மட்டும் வீட்டில் இடமில்லை என்று டீச்சரம்மா முன்கூட்டியே சொல்லிவிட்டார். நோட்டில் மறுபடி இரண்டு பத்திகள். ஒவ்வொன்றாகத் தூக்குகிறேன், இரண்டும் கத்துகின்றன, கத்தட்டும். வகுப்புக்கு ஐந்து நிமிஷம் தாமதமாகிறது. ஐந்நூறு ரூபாய்ச் சலுகையை நான் வேண்டாம் என்றேன், அவர் கேட்கவில்லை. அது இப்போது கொத்தமல்லிக்கும் குடைமிளகாய்க்கும் போகிறது.

நண்பர்களே, விடுதி உணவுக்கூடத்தில் நாள்தோறும் தட்டுகளை எண்ணுகிறார்கள். நம் சங்கக் கூட்டத்திலும் தலைகளை எண்ணி, "வருகை குறையவில்லை" என்று குறிப்பில் எழுதுகிறோம். அந்த வரியை நான் எழுதுகிற முறை வரும்போது இப்போதெல்லாம் பேனா சற்று நிற்கிறது. சென்ற மாதம் வந்தவர்களில் இந்த மாதம் வராதவர் யார்? புதிதாக வந்த நான்கு முகங்கள் எந்த நான்கு முகங்களை மறைத்தன? ஊரில் அம்மா தொலைபேசியில் வேறெதையும் கேட்குமுன் "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறாள். அந்தக் கேள்வியை மொத்தமாகக் கேட்க முடியாது. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகத்தான் கேட்க வேண்டும்.