மாமாவின் கையும் 256 படிகளும்

மாமாவுக்குக் கை நடுங்க ஆரம்பிச்சு ஒரு வருஷமாகுது. ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டக் கோயில்களுக்கு சவுண்ட் கட்டுறவர். ஐயர் மந்திரத்தைத் தொடங்கும்போது பாட்டை வெட்டக் கூடாது, கரைய விடணும் என்பது அவருடைய சட்டம். அதுக்கு வொலியூமை நாலஞ்சு செக்கன்ல ஒரே சீராத் திருப்பணும். போன திருவிழாவில் பாட்டு விக்கி விக்கி இறங்கியது. வேற யாரும் கவனிக்கல. அவர் கவனிச்சாரு. "இனி நீயே போடா"ன்னுட்டு வயரைச் சுத்த ஆரம்பிச்சிட்டாரு.

நான் கலைப்பீடத்து ஆள், சர்க்யூட் எல்லாம் யூடியூப்பில் பார்த்ததுதான். பாட்டு லெப்டொப்பில் இருந்து வந்தா அதிலேயே குறைச்சிடலாம். மாமாவிடம் இருப்பது கெசட் டெக்கும் நாதஸ்வரத்துக்கு ஒரு மைக்கும் பழைய மிக்ஸரும். அந்த ஒலி கணினிக்குள்ளேயே போகாது. கணினி வெளியே நின்னு வொலியூமை மட்டும் திருப்பணும்.

முதலில் வாங்கினது ஒரு டிஜிட்டல் பொட்டென்ஷியோமீட்டர். உள்ளே 256 படிகள்; நாம சொல்ற எண்ணில் போய் நிற்கும். கேட்டுப் பார்த்தா பேக் ஸிப்பை இழுக்கிற மாதிரி சர்ர்ருன்னு ஒரு சத்தம். அதுக்குப் பேரே ஸிப்பர் நொய்ஸ்தானாம். ஒலி அலை ஓடிக்கிட்டு இருக்கும்போதே அளவு சட்டுன்னு மாறுவதால், ஒவ்வொரு படிக்கும் ஒரு 'டிக்'. அதைவிட மோசம் கடைசியில்: 200ல் இருந்து 199க்கு இறங்கினா காதுக்கே தெரியாது, 2ல் இருந்து 1க்கு இறங்கினா சிக்னல் பாதியாகுது, 6 டெசிபல். கரையவேண்டிய இடத்தில்தான் பாட்டு தடுக்கி விழுந்தது. "என் கையே தேவலை"ன்னாரு மாமா.

அலை பூச்சியத்தைத் தாண்டும் நேரம் பார்த்துப் படி மாத்துற சிப் இருக்கு. விலையைப் பார்த்துட்டு மூடி வச்சிட்டேன்.

பிறகு கிடைச்சது பழைய வழி. ஒரு சிவப்பு எல்.ஈ.டி.யையும் ஒரு எல்.டி.ஆரையும் முகத்துக்கு முகம் வச்சு, கறுப்பு டேப்பால் வெளிச்சம் புகாம சுத்தணும். எல்.டி.ஆர். வெளிச்சத்தில் சில நூறு ஓம், இருட்டில் மெகா ஓம். பாட்டு அதன் வழியாப் போகும், ஆர்டுயினோ எல்.ஈ.டி.யை மட்டும் மங்க வைக்கும். ரெண்டுக்கும் நடுவில் வயரே இல்லை, வெளிச்சம்தான். அதனால் கணினியின் இரைச்சலும் பாட்டுக்குள் வராது. 1960களின் எல்.ஏ.-2ஏ கம்ப்ரெஸருக்குள்ளும் இப்படி ஒளிதான் ஒலியை அடக்கியது.

ஆர்டுயினோவிலும் 256 படிதான். அது உண்மையில் மின்னழுத்தத்தைக் குறைப்பதில்லை, செக்கனுக்கு 490 தடவை போட்டுப் போட்டு அணைக்குது. ஒரு ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும் அந்தத் துடிப்பை வழிச்சு விடும். மிச்சத்தை எல்.டி.ஆரின் சோம்பல் பார்த்துக்கும். இருட்டானதும் அது உடனே இருட்டை நம்பாது, மெல்லத்தான் ஏறும். மற்ற வேலைகளுக்கு அது குறை, எங்களுக்கு அதுதான் வேணும். ஒரு இரவு வீணானது வேற விஷயத்தில்: 90க்குக் கீழே எந்த எண்ணைக் கொடுத்தாலும் எல்.ஈ.டி. எரியல. அதுக்குக் குறைஞ்சது 1.8 வோல்ட்டாவது வேணும். 255ல் இருந்து 90 வரைக்கும்தான் இறக்கணும்னு புரிய விடிஞ்சிருச்சு.

இறங்கும் வேகத்தை லெப்டொப்பில் மாத்தி மாத்தி, மாமா கண்ணை மூடிக் கேட்டார். மூணு செக்கன் அவசரமாம். அஞ்சு, ஐயரைக் காக்க வைக்குதாம். நாலரையில் ஒண்ணும் சொல்லல.

லெப்டொப்பைத் தொட மாட்டேன்னுட்டாரு. அதனால் ஆர்டுயினோவில் ஒரு பெரிய பட்டன் பூட்டிக் கொடுத்திருக்கேன். கை எவ்வளவு நடுங்கினாலும் அமுக்கலாம். அடுத்த பூசைக்கு வயர் கட்ட என்னையும் வரச் சொல்லியிருக்காரு.