பழவேற்காட்டில் ஒரு பிரசங்கம்

ஆவடியில் கடல் கிடையாது. 1955-இல் காங்கிரஸ் மகாசபை கூடிய ஊர் எங்களுடையது. டாங்கி செய்யும் தொழிற்சாலைகூட உண்டு. கடல் மட்டும் இல்லை. ஆனால் எங்கள் திருவள்ளூர் ஜில்லாவின் கடற்கரையிலேதான் பழவேற்காடு இருக்கிறது. சென்ற தை மாதத்தில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் சிலரும் பிள்ளைகளுமாக ஒரு வேனில் அங்கே போனோம். மீனவர் குப்பத்துக் குழந்தைகளுக்குப் புத்தக நிதி திரட்ட ஒரு விழா. எங்கள் பெண்களின் கோலாட்டம், குப்பத்துப் பிள்ளைகளின் பாட்டு, நடுவில் அடியேனுடைய சரித்திரப் பிரசங்கம்.

கோலாட்டத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கோல்கள் சில சமயம் கோல்களோடும், சில சமயம் விரல்களோடும் மோதின.

பிரசங்கத்துக்கு நான் தயாராகவே போயிருந்தேன். 1613-இல் ஒல்லாந்தர் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது, 1690 வரையில் சோழமண்டலக் கரையில் இதுவே அவர்களுடைய தலைமை ஸ்தானமாய் இருந்தது, நம் நெசவாளர் நெய்த துணியைக் கப்பலேற்றிக் கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்புக்கும் ஜாதிக்காய்க்கும் மாற்றியது எல்லாவற்றையும் விஸ்தாரமாகச் சொன்னேன். காலையில் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்திருந்தோம். வாயிலின் இரு புறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்கின்றன. உள்ளே கல்லறைகளின்மேல் பெயரும் வருஷமும் பொறித்த பெரிய பலகைக் கற்கள். "முந்நூறு வருஷத்துக்கு மேலாகியும் எழுத்து அழியவில்லை!" என்று நான் கையை உயர்த்திச் சொன்னபோது நல்ல கரகோஷம்.

முன் வரிசையில், பனையோலைக் கூடை முடைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி தலை நிமிர்ந்தாள்.

"ஏன் வாத்தியாரே, அந்தக் கப்பல்லே நம்ம ஜனம் யாரும் போகலியா?"

போனார்கள். அது எனக்குத் தெரியும். பஞ்ச காலங்களில் வயிற்றுக்கில்லாமல் தங்களையும் பெற்ற பிள்ளைகளையும் விற்ற ஜனங்களை, ஒல்லாந்தர் பதினேழாம் நூற்றாண்டில் இந்தத் துறையிலிருந்து ஆயிரக் கணக்கில் பதேவியாவுக்கு, அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கு, அடிமைகளாக ஏற்றினார்கள். அதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் போனேன். குழந்தைகள் கூடியிருக்கிறார்கள், நன்கொடை தரும் கனவான்கள் வந்திருக்கிறார்கள், நல்ல காரியத்தில் இதெல்லாம் எதற்கு என்று அந்த ஒரு தாளை மட்டும் மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

வெளியே எடுத்துப் படித்தேன். இந்தத் தடவை கரகோஷம் இல்லை.

"அவங்களுக்குக் கல்லு எங்கே இருக்குது?" என்றாள்.

"கல் இல்லை, ஆயா. ஒல்லாந்தருடைய கணக்குப் புஸ்தகங்களில் இத்தனை தலை என்று எழுதியிருக்கிறது."

அவள் ஓலையைக் கீழே வைத்துவிட்டாள்.

பிறகு உண்டியலை எண்ணினார்கள். புத்தகங்களுக்குப் போதுமான தொகை சேர்ந்திருந்தது. கனவான்களில் ஒருவரும் கோபித்துக்கொண்டு எழுந்து போகவில்லை. வேன் புறப்படும் சமயத்தில் அந்த மூதாட்டி ஜன்னலருகே வந்தாள்.

"மறுபடி வந்தா, அதை மொதல்லே சொல்லுங்க, வாத்தியாரே."