புரையேறும்போது



சாப்பிடுகையில் ஒருவருக்குப் புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "ஊரில் யாரோ நினைக்கிறார்கள்" என்று சொல்லும் வழக்கத்தை நீங்களும் அறிவீர்கள். மும்பையில் குடியேறி இருபது ஆண்டுகள் ஆன பின்பும் நான் என் கணவரை அப்படித் தட்டியவள்தான்.

2015ஆம் ஆண்டு அவருக்கு மூளைத்தண்டில் பக்கவாதம் உண்டாயிற்று. கைகால்கள் ஓரளவு தேறின. விழுங்கும் திறன் மட்டும் திரும்பவில்லை. நாம் விழுங்கும் நொடியில் குரல்வளை மேலெழும்பி மூடிக்கொள்கிறது. அது தவறினால் உணவும் உமிழ்நீரும் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். அப்போது இருமல் வருவதே நமக்குப் பாதுகாப்பு. அவருக்கோ இருமல் வரவில்லை. "இப்போதெல்லாம் புரையேறுவதில்லை" என்று நான் மகிழ்ந்திருந்த நாட்களில்தான் முதல் நிமோனியா வந்தது.

வயிற்றில் துளையிட்டு உணவுக்குழாய் பொருத்தினார்கள். இனிப் பயமில்லை என்று எண்ணினேன். ஆனால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லிட்டர் உமிழ்நீர் சுரக்கிறதே, அதை எந்தக் குழாய் தடுக்கும்? கழுத்தில் துளையிட்டு, பலூன் பொருத்திய குழாயை வைத்தும் ஓரமாகக் கசிந்தது. ஓராண்டுக்குள் நான்கு முறை நிமோனியா.

அப்பொழுதுதான் தொண்டை அறுவை மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். மூச்சுக்குழாயைக் குரல்வளைக்குக் கீழே குறுக்காக வெட்டுவார்கள். மேல்முனையைத் தைத்து மூடிவிடுவார்கள். கீழ்முனையைக் கழுத்துத் தோலோடு இணைத்து நிரந்தரத் துவாரம் ஆக்குவார்கள். வாய்க்கும் நுரையீரலுக்கும் அதன்பின் தொடர்பே இராது. லிண்டமன் என்ற அமெரிக்க மருத்துவர் 1970களில் வகுத்த முறை இது. குரல்வளை உள்ளேயே இருப்பதால் மீண்டும் இணைக்க வழியுண்டாம். "ஆனால் அது அபூர்வம். அதை நம்பிச் சம்மதிக்காதீர்கள்" என்று அவர் ஒளிக்காமல் சொன்னார்.

விலை, குரல்.

வெள்ளிக்கிழமை ஜெபத்தில் பாட்டைத் தொடங்குபவர் என் கணவர். சம்மதிப்பது அவிசுவாசம் என்று சபையிலேயே சிலர் சொன்னார்கள். அவர்கள் ஒருவரும் நள்ளிரவில் சளி உறிஞ்சும் கருவியைப் பிடித்தவர்கள் அல்லர் என்று கோபம் வந்தது. இன்றும் அது முழுமையாகத் தணியவில்லை. எனினும் என் பயமும் அவர்களுடையதே. அந்தக் குரலைக் கேட்காமல் எப்படி இருப்பேன்?

முடிவு அவருடையது. சிலேட்டை வாங்கி, கோணல் எழுத்தில், "எனக்குத் தோசை வேண்டும்" என்று எழுதினார். மருத்துவரும் சிரித்துவிட்டார். பின்பு அதன் கீழே, "குழாய் வைத்த நாள்முதல் பேசவா செய்கிறேன்?" என்று எழுதினார்.

அறுவை முடிந்து தையல் ஆறியபின், முதலில் கேழ்வரகுக் கூழ். தொண்டைத் தசை பலவீனமாகவே இருந்ததால் வயிற்றுக் குழாயை உடனே எடுக்கவில்லை. மூச்சு மூக்கின் வழியே போகாததால் வாசனை அவ்வளவாகத் தெரிவதில்லை. குளிக்கையில் துவாரத்தில் நீர் படாமல் காக்கவேண்டும். கட்டில் மேலே பெரிய எழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: "ஆக்சிஜனைக் கழுத்தில் கொடுக்கவும்; மூக்கிலும் வாயிலும் அல்ல." ஆம்புலன்ஸில் வருகிறவர்களுக்கு இது தெரியாமற்போனால் ஆபத்து. இத்தகைய நோயாளி உங்கள் வீட்டில் இருந்தால் நீங்களும் இன்றே ஒட்டிவிடுங்கள்.

மூன்றாம் மாதம் சாம்பாரில் ஊறவைத்த அரைத் தோசையை நாற்பது நிமிடத்தில் சாப்பிட்டு முடித்தார். "உப்பு குறைவு" என்று உதட்டை அசைத்தார். நான் படித்துக்கொண்டேன்.