கண்ணுக்குத் தனிக் கூலி இல்லை

தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மைக்குக் கண் எழுதுகிறவர் ஏலாக்குறிச்சியில் இருக்கிறார் என்று நண்பர் சொன்னபோது நான் நம்பவில்லை. பொம்மை தஞ்சாவூரில், கண் மட்டும் கொள்ளிடத்துக்கு இந்தப் பக்கமா? “எங்க அத்தைதான், வந்து பாரு” என்றார். வீரமாமுனிவர் திருக்காவலூர் என்று கலம்பகம் பாடிய ஊர். அடைக்கல மாதா கோயிலைத் தாண்டி உள்ளே போனால் வீடு.

திண்ணையில் ஓர் அட்டைப் பெட்டி. உள்ளே கசங்கிய செய்தித்தாள்களுக்கு நடுவே நடனப் பெண்களின் தலைகள். நிறம் பூசியாயிற்று, உதடுகூட வந்துவிட்டது. கண் இருக்கவேண்டிய இடம் மட்டும் மொழுக்கென்று இருக்கிறது. ஆடும் பொம்மையில் பாவாடை, உடல், தலை எல்லாம் தனித்தனித் துண்டுகள். ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்துவதால்தான் தொட்டதும் ஆடுகிறது. தலை மட்டும் பஸ் ஏறித் திருமானூர் வழியாக இங்கே வந்துபோவதும் அதனால்தான்.

அத்தை வாழ்க்கைப்பட்ட வீட்டில் பொம்மைத் தொழில். கணவர் போன பிறகு பிறந்த ஊருக்கே வந்துவிட்டார். காகிதத்தையும் மரவள்ளி மாவையும் கூழாக்குவது, அச்சில் அப்புவது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என்று எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். பாதி எனக்குப் பிடிபடவில்லை. என் கவனமெல்லாம் அவர் பிரஷ்ஷில் இருந்தது.

கடையில் வாங்கிய ஜீரோ நம்பர் பிரஷ்தான். ஆனால் வாங்கியபடியே வேலைக்கு எடுப்பதில்லை. பிளேடால் ஓரத்து முடிகளைக் கழித்துக் கழித்து, நடுவில் நாலைந்து மட்டும் நிற்கும்படி விடுகிறார். “எங்க மாமனார் காலத்துல அணில் வால் முடிதான். இப்ப அணிலைத் தொட்டா கேசாயிடும்” என்று சிரித்தார். தேய்ந்த பிரஷ்ஷுக்கும் வேலை உண்டு: கொஞ்சம் தேய்ந்தது புருவத்துக்கு, நன்றாக மழுங்கியது கம்மலில் பொன் பொட்டு வைக்க. ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் வயதுவாரியாக நிற்கின்றன.

முதலில் வெள்ளை, மீன் வடிவத்தில். அது காய்ந்த பிறகு கறுப்பு வட்டம். கை அசைவதே இல்லை. குச்சியில் செருகிய தலைதான் திரும்புகிறது. மேலிமைக்கு ஒரே இழுப்பு, காதுப் பக்கம் போகப்போகக் கோடு மெலிந்து காணாமல் போகவேண்டும். கடைசியாகக் கறுப்புக்குள் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி. “இந்தப் புள்ளி ரெண்டு கண்ணுலயும் ஒரே பக்கமா இருக்கணும் தம்பி. மாறிச்சுன்னா ஒண்ணரைக் கண்ணாயிடும்.”

கோபயாஷி, கோஷிமா என்ற இரண்டு ஜப்பானியர்கள் 1997இல் ‘நேச்சர்’ இதழில் கண்ணின் வெள்ளையைப் பற்றித்தான் எழுதினார்கள். மனிதக் கண்ணில் இவ்வளவு வெள்ளை வெளியே தெரிவதால், நாம் எங்கே பார்க்கிறோம் என்பது எதிரில் இருப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. மற்ற குரங்கினங்களுக்கு அப்படி இல்லை. அத்தைக்கு இதைச் சொன்னேன். “அதான் பேத்தி கரடிக்கும் வெச்சுக் குடுத்தேன்” என்றார்.

பேத்தியின் டெடி பியர், திருவிழாக் கடையில் வாங்கியது. ஜெர்மனியில் 1902இல் ஸ்டைஃப் கம்பெனியில் ரிச்சர்டு ஸ்டைஃப் வரைந்த கரடியின் வம்சம். அந்தக் காலத்தில் பூட்ஸ் பொத்தானைக் கண்ணாகத் தைத்தார்கள், பிற்பாடு கண்ணாடிக் கண் வந்தது. இந்தக் கரடிக்குக் கரும்பழுப்பு ரோமத்தில் கறுப்புப் பிளாஸ்டிக் கண், தேடித்தான் பிடிக்கவேண்டும். அத்தை அதைப் பிரித்து, பழைய வேட்டியில் வட்டமாக வெட்டிய துணியை அடியில் வைத்துத் தைத்திருக்கிறார். கண்ணை நடுவில் வைக்காமல் சற்று மேலே தள்ளியதில், கீழே வெள்ளை பிறையாகத் தெரிகிறது. கரடி இப்போது தன்னைத் தூக்கும் குழந்தையை அண்ணாந்து பார்க்கிறது. பெரிய கம்பெனிக்காரர்களுக்குத் தோன்றாதது.

கூலியைக் கேட்டபிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. கண்ணுக்கென்று தனிக் கூலி கிடையாது, பெட்டிக்கு இவ்வளவு என்று கணக்கு. ஒரு தலை உடைந்தால் அதைப் பிடித்துக்கொள்வார்களாம். தஞ்சாவூர் பொம்மைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2008-09இல். ஊர்ப் பெயரைக் காப்பாற்ற சட்டம் வந்துவிட்டது. தலைகளை அனுப்பும் வியாபாரி அதைச் சொல்லி விலை ஏற்றவும் கற்றுக்கொண்டுவிட்டார். நவராத்திரி நெருங்கினால் கடையில் விலை ஏறுகிறது, திண்ணையில் ஏறுவதில்லை. அரசின் பூம்புகார் கைவினைப்பொருள் நிறுவனம் 1973இலிருந்து இருக்கிறதே, நேரே அங்கே கொடுக்கலாமே என்றேன். முழுப் பொம்மை செய்கிறவர்கள் கொடுக்கலாம், கண் மட்டும் எழுதுகிறவள் எதைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தொழிலைத் துண்டு துண்டாக்கி வீடுவீடாக அனுப்புகிறவருக்கு இது நன்றாகத் தெரியும்.

இப்போது அந்த வெள்ளைப் புள்ளியே வேண்டாம், வேலை சீக்கிரம் முடியும் என்கிறாராம் வியாபாரி. அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. கூலியைக் கூட்டாவிட்டால் அடுத்த பெட்டியைக் கண்ணில்லாமலே பஸ் ஏற்றிவிடப்போவதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அந்தப் பக்கமிருந்து இன்னும் போன் வரவில்லை.